தானாக ரீஸ்டார்ட் ஆகும் பழைய லேப்டாப்: ஃபார்மேட்டா, சுத்தமா, பழுதா, புதுசா?

வேலை நடுவில் லேப்டாப் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கிவிட்டால், யாரிடம் கேட்டாலும் ஒரு வைத்தியம் கிடைக்கும். ஃபார்மேட் பண்ணிப் பாருங்கள் என்பார் ஒருவர். உள்ளே தூசி அடைத்திருக்கும், திறந்து சுத்தம் செய்தால் போதும் என்பார் இன்னொருவர். ரேம் போயிருக்கும், பேட்டரி போயிருக்கும், போர்டு போயிருக்கும், பேசாமல் புதுசு வாங்கிவிடுங்கள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு லேப்டாப்புக்குச் சரியான தீர்வாக இருந்திருக்கிறது. உங்கள் லேப்டாப்புக்கு எது என்பதுதான் கேள்வி.

இந்த வழிகளை நான் ஒப்பிடுவது இரண்டு விஷயங்களை வைத்து. செய்து பார்த்துப் பலிக்காமல் போனால் எவ்வளவு இழப்பு? பலிக்காவிட்டாலும் கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி ஏதாவது தெரிய வருகிறதா? இப்படிப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் முதலில் கைவைக்கிற ஃபார்மேட் வரிசையில் ரொம்பப் பின்னால் போய்விடும்.

எதைச் செய்வதானாலும் அதற்கு முன்னால் பேக்கப். ரீஸ்டார்ட் ஆகிற இடைவெளிக்குள் முக்கியமான கோப்புகளை மட்டுமாவது வெளி டிஸ்க்கிலோ கிளவுடிலோ ஏற்றிவிடுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்றும் பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் அமைப்பில் எதையாவது மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கிலிருந்துகூட எதையும் எடுக்க முடியாது.

காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளக் கூடியவை

முதலில் அது ரீஸ்டார்ட் ஆகிறதா, அணைந்தே போகிறதா என்று கவனியுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் காரணங்கள் வேறு. ப்ராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அப்போது லேப்டாப் பெரும்பாலும் அணைந்தபடியே இருக்கும். கொஞ்சம் ஆறினால்தான் மறுபடி ஒழுங்காக ஓடும். ஒரு நொடி கறுத்து, உடனே தானாகவே லோகோவோடு எழுந்து வருகிறதென்றால், விண்டோஸ் உள்ளே விழுந்து எழுந்திருக்கலாம், அல்லது மின்சாரம் ஒரு கணம் தடுமாறியிருக்கலாம். சூட்டைச் சந்தேகிக்க இங்கே இடம் குறைவு.

இதில் ஒரு குழப்பம் உண்டு. விண்டோஸ் செயலிழக்கும்போது பிழையைக் காட்டும் ப்ளூ ஸ்கிரீன் வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் வழக்கமாக அமைக்கப்பட்டிருக்கும். அதனால் அந்த நீலத் திரையைப் பலர் பார்ப்பதே இல்லை. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குப் போய், ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி அமைப்பில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், பிழையின் பெயரைப் படிக்கலாம். டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரை வராமல் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனால், வன்பொருள் அல்லது மின்சாரம் பக்கம் சந்தேகம் கூடுகிறது.

விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரையும் திறந்து பாருங்கள். சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளை கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்வதில்லை. அதன் விவரங்களுக்குள் பக்செக் கோடு என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்குக் குறித்து வைக்கவே அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரம் போயிருக்கலாம், அல்லது எல்லாம் உறைந்து நின்றிருக்கலாம். வேறு எண் இருந்தால் அது ப்ளூ ஸ்கிரீனின் அடையாளம். 1074 என்ற நிகழ்வு பதிவாகியிருந்தால் நிம்மதி: ஏதோ ஒரு நிரலோ அப்டேட்டோ கேட்டு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, கோளாறே இல்லை.

அப்புறம், நான் மிகவும் நம்புகிற இரண்டு சோதனைகள். ஒன்று, பயாஸ் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடுவது. அங்கே விண்டோஸ் இல்லை, பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை. அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் ஃபார்மேட் பேச்சையே விட்டுவிடலாம். ஆனால் பயாஸில் ஒழுங்காக நின்றது என்பதால் வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அங்கே ரேமுக்கும் கிராபிக்ஸுக்கும் பெரிய வேலை கிடையாது. அதற்குத்தான் இரண்டாவது சோதனை. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல், அதிலிருந்தே லேப்டாப்பை இயக்கி வீடியோ ஓடவிட்டு, பத்துப் பதினைந்து டேப் திறந்து வைத்து வேலை வாங்குவது. இதிலும் ரீஸ்டார்ட் ஆனால் கோளாறு வன்பொருளில் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆகவில்லையென்றால் விண்டோஸ், அதன் டிரைவர்கள், உள்ளே இருக்கும் டிஸ்க் ஆகியவை மிஞ்சுகின்றன. லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓடுவதால் டிஸ்க் சோதிக்கப்படவே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஃபார்மேட்டும் அதற்கு முந்தைய படிகளும்

மென்பொருள்தான் காரணம் என்று தெரிந்தால்கூட ஃபார்மேட் முதல் படி ஆகாது. ப்ளூ ஸ்கிரீனில் ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வருகிறதா, ஒரே டிரைவர் கோப்பைக் காட்டுகிறதா? அப்படியானால் அந்த டிரைவரை மட்டும் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள், அல்லது தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருப்பதைப் போடுங்கள். பழைய லேப்டாப்களில் கிராபிக்ஸ் டிரைவரும் வைஃபை டிரைவரும் அடிக்கடி மாட்டும். அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடுகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுவாகிறது. பிழையின் பெயர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால் அது டிரைவரின் குணம் இல்லை; ரேமைப் பாருங்கள்.

நான் ஃபார்மேட்டைத் தள்ளி வைக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. கோளாறு ரேமிலோ டிஸ்க்கிலோ இருந்தால், அந்த நிலையில் புதிதாக விண்டோஸ் போடுவது சேதமான கோப்புகளோடு புது விண்டோஸைக் கட்டுவதுதான். நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் பழைய விண்டோஸும் போய், புதியதும் முடியாமல் நிற்கும். நிரல்களையும் அமைப்புகளையும் திரும்பக் கொண்டுவர ஒரு நாளாவது ஓடிவிடும். இவ்வளவும் செய்து ரீஸ்டார்ட் நிற்கவில்லையென்றால் கையில் மிஞ்சுவது 'மென்பொருள் இல்லை' என்ற ஒரு தகவல். அதைப் பென் டிரைவ் லினக்ஸ் ஒரு மாலைக்குள் சொல்லியிருக்கும்.

ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்றால், கையில் ஒரு உபரி எஸ்எஸ்டி இருந்தால் அதை மாட்டி அதில் புதிதாகப் போட்டுப் பாருங்கள். பழைய டிஸ்க் தொடப்படாமல் இருக்கும். பழைய டிஸ்க்தான் குற்றவாளி என்றால் அதுவும் கூடவே தெரிந்துவிடும்.

திறந்து சுத்தம் செய்வது

இது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் ரீஸ்டார்ட் நிற்காவிட்டாலும் வீண் என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகள் ஓடிய லேப்டாப்பில் ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கும். இரண்டையும் சரிசெய்தால் சத்தம் குறையும், வேகம் திரும்பும், பாகங்களின் ஆயுளும் கூடும்.

ஆனால் ரீஸ்டார்ட்டுக்கு இதுதான் மருந்தா என்பதைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். வெப்பநிலை காட்டும் இலவச நிரல் ஒன்றை ஓடவிட்டு, கனமான வேலை கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான லேப்டாப் ப்ராசஸர்களுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸையொட்டி இருக்கும். 95க்கு மேல் ஏறி அங்கேயே நின்று, பிறகு அணைகிறதென்றால் சுத்தம் செய்வது நிச்சயம் பலன் தரும். 65, 70 டிகிரியில் இருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் தூசியின் மேல் பழி போடாதீர்கள். காலையில் போட்ட இரண்டாவது நிமிடத்தில் ஆகிறதென்றாலும் அப்படித்தான்.

உங்கள் மாடலைத் திறக்கும் வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுத் திறங்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். ஃபேனில் காற்றடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாறுமாறான வேகத்தில் சுழன்று பேரிங் கெடும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எடுக்கலாம். கிராபிக்ஸ் மெமரி மேல் சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேட் ஒட்டியிருந்தால் அதே தடிமனில்தான் மாற்று வாங்க வேண்டும். அந்த இடத்தில் பேஸ்ட் தடவினால் இடைவெளி அடைபடாது. நாடா கேபிள்களைத் தொட பயமாக இருந்தால் இந்த ஒரு வேலையைச் சர்வீஸ்காரரிடம் கொடுப்பதில் தவறே இல்லை.

பேட்டரி, சார்ஜர், ஜாக்

பழைய லேப்டாப் விஷயத்தில் மிகவும் கவனிக்கப்படாத இடம் இது. போர்டு போய்விட்டது என்று ஒதுக்கப்படும் லேப்டாப்களில் சில, உண்மையில் இரண்டு சிறிய கோளாறுகள் ஒன்று சேர்ந்தவை. எப்படி என்று சொல்கிறேன். பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப்பில் சார்ஜர் பின் ஒரு கணம் ஆடினால் எதுவும் தெரியாது, பேட்டரி தாங்கிக்கொள்ளும். பேட்டரி செத்துப்போன லேப்டாப் சார்ஜரை மட்டுமே நம்பி ஓடுகிறது. ஜாக் கொஞ்சம் தளர்ந்திருந்தால், மேசையை இடித்தால்கூட மின்சாரம் அறுந்து விழும். பேட்டரி என்றோ போய்விட்டது, சார்ஜரில்தானே ஓட்டுகிறோம் என்று பழகிப்போனவர்களுக்கு இந்தத் தொடர்பு தோன்றுவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ப்ராசஸர் டர்போ என்ற உச்ச வேகத்துக்குத் தாவும்போது சில கணங்களுக்கு இழுக்கும் மின்சாரம் சார்ஜரின் அளவைத் தாண்டலாம். பல லேப்டாப்களில் அந்தக் குறையைப் பேட்டரிதான் ஈடுகட்டும். வயதான பேட்டரியால் அது முடியாமல் மின்னழுத்தம் சட்டென்று இறங்கினால் ரீஸ்டார்ட்.

இதைச் சோதிக்க மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்: பேட்டரியில் மட்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும், இரண்டும் சேர்த்து. பேட்டரியில் மட்டும் ஓடும்போது விழுந்தால் பேட்டரி. சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் விழுந்தால் சார்ஜர் அல்லது ஜாக். அப்புறம் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 சதவீதமாக மாற்றுங்கள். இந்த ஒரு சதவீதத்தில் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ வேகம் நின்றுவிடும். ரீஸ்டார்ட்டும் அதோடு நின்றால், காரணம் மின்சாரம் அல்லது சூடு என்று தெரிகிறது. புதிய பேட்டரி வரும்வரை அப்படியே ஓட்டிக்கொண்டும் இருக்கலாம். செலவே இல்லாத வைத்தியம் இது.

வேறு சார்ஜர் மாட்டிப் பார்ப்பதானால் வோல்டேஜும் பின்னும் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். வாட் கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருக்கக் கூடாது. பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலே தூக்கினாலோ அடிப்பக்கம் புடைத்தாலோ, சோதனை எல்லாம் வேண்டாம். அன்றே ஓட்டுவதை நிறுத்தி, குத்தாமல் அழுத்தாமல் கழற்றி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். குப்பைத்தொட்டியில் போடக் கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும்.

சுத்தம் செய்வதோடு ஒப்பிட்டால் பேட்டரி மாற்றுவது செலவு கூடியது. ஆனாலும் பேட்டரியின் கொள்ளளவு பாதிக்கும் கீழே போயிருந்தால், ரீஸ்டார்ட் ஆகாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

ரேம்

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், பிறகு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கழற்றி மாட்டியதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு, தொடும் முனையில் அழுக்கோ துருவோ இருந்திருக்கும். மெம்டெஸ்ட்86 போன்ற நிரலைப் பென் டிரைவிலிருந்து ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் தோல்வி; 'ஒன்றுதானே' என்று விட்டுவிடாதீர்கள். போர்டிலேயே பற்றவைத்த ரேமில் பிழை வந்தால் கதை மாறுகிறது, அது போர்டு வேலை.

வாங்கும்போது தலைமுறையைக் கவனியுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. டிடிஆர்3க்குள்ளேயே 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட் ஒன்று என்று இரண்டு உண்டு, 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்கள் இருக்கின்றன. ரேம் மாற்றுவது எளிது, பழுதான ரேம் என்று உறுதியானபின் செய்தால் வீணாவதும் இல்லை. பழுது என்று உறுதியாகாமல் வாங்குவதுதான் வீண்.

டிஸ்க் பற்றி ஒரே வரி: சாகப்போகும் டிஸ்க் பெரும்பாலும் உறைந்து நிற்க வைக்கும், ரீஸ்டார்ட் ஆக்குவது குறைவு. டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் நிலையைப் பார்த்து, எச்சரிக்கை இருந்தால் உடனே மாற்றுங்கள்.

போர்டு ரிப்பேர்

மேலே சொன்ன எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது மதர்போர்டு. மின்சாரத்தை இறக்கித் தரும் சுற்று, ஒரு கெப்பாசிட்டர், சிப்புக்கு அடியில் விரிசல் விட்ட சோல்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். இங்கே என் கருத்து கொஞ்சம் கடுமையானது: பெரும்பாலான பழைய லேப்டாப்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். கோளாறு எப்போதாவது வந்துபோவதாக இருந்தால் பழுதுபார்ப்பவராலும் அதைப் பிடித்துவிட்டேன் என்று உறுதி சொல்ல முடிவதில்லை. பழைய போர்டு ஒன்றை மாற்றி வைத்தால், அதுவும் இதே வயதுதான்.

சிப்பைச் சூடேற்றி உட்கார வைப்பதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது சில வாரமோ சில மாதமோ ஓடி மறுபடி விழுவது வழக்கம். கிராபிக்ஸ் சிப்பில் அடிப்படைக் குறை இருந்தால் சூடேற்றுவது குறையை நீக்குவதில்லை. ஆப்பிள் நிறுவனமே 2015 பிப்ரவரியில், 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோ லேப்டாப்களுக்குக் கிராபிக்ஸ் கோளாறு காரணமாக இலவசப் பழுதுநீக்கத்தை அறிவித்தது. அந்த அறிவிப்பில் குறிப்பிட்ட அறிகுறிகளில் எதிர்பாராமல் ரீஸ்டார்ட் ஆவதும் ஒன்று. உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு இருந்ததா என்று தேடிப் பாருங்கள். சலுகைக் காலம் முடிந்திருந்தாலும், அந்த மாடலின் பலவீனம் எங்கே என்று தெரிந்துவிடும்.

போர்டு ரிப்பேர் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. சேமிப்பகமே போர்டில் பற்றவைக்கப்பட்டு, பேக்கப் இல்லாத கோப்புகள் அதில் சிக்கியிருந்தால், கோப்புகளை எடுக்கும் அளவுக்கு மட்டும் பழுது பார்க்கலாம். கொடுக்கும்போது எந்த உதிரியை மாற்றினீர்கள், எவ்வளவு நாள் பொறுப்பு என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

புதுசா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன ப்ராசஸரும். உங்கள் லேப்டாப் அதற்குத் தகுதியானது என்றால் பேட்டரி, ரேம், பேஸ்ட் மூன்றையுமே மாற்ற வேண்டி வந்தாலும் பழுதுபார்ப்பதைத்தான் சொல்வேன். தகுதியில்லை, லினக்ஸுக்கும் மாற மனமில்லை என்றால் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டு புதியதற்குச் சேர்த்து வையுங்கள். எஸ்எஸ்டி நன்றாக இருந்தால் ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தினமும் ஒருமுறை விழுந்த லேப்டாப் ஒரு வாரம் விழாமல் ஓடினால்தான் சரியானதாகக் கணக்கு. வாரம் ஒருமுறை விழுந்தது என்றால் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும் லேப்டாப்பை, 'சும்மா படிக்கத்தானே' என்று வீட்டுப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுகிறார்கள். ரேம் கோளாறு ரீஸ்டார்ட்டோடு நிற்பதில்லை. சேமிக்கும் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும், கெட்டது பல மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியும். கொடுப்பதானால் ஓர் இரவு ரேம் சோதனை முடித்து, வெப்பநிலை பார்த்துக் கொடுங்கள். தேறாததை உதிரிக்கென்று சொல்லியே விற்கலாம். அதே மாடல் வைத்திருக்கும் ஒருவருக்கு அதன் திரையும் கீபோர்டும் ஹிஞ்சும் தேவைப்படும்.